இரண்டாவது செவ்வாய்க்கிழமை

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் காரை நிறுத்தினால் என்ஜின் உறையாமல் இருக்க அதை மின்சார பிளக்கில் மாட்டிவிட வேண்டும். அன்றைக்கும் மாட்டித்தான் நிறுத்தியிருந்தேன். மேடம், நீங்களும் விசாரணையை அதிலிருந்துதான் ஆரம்பித்தீர்கள். அம்மோனியா வாடை அடித்ததால் ஓடி வந்து நிறுத்தியதாகச் சொன்னவன் எதற்குக் காரை பிளக்கில் மாட்டினான் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் ஓடி வரவில்லை. வாடை வருவதற்கு வெகு நேரம் முன்பே அங்கே இருந்தேன்.

அதை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கம்ப்யூட்டரிலிருந்து சொல்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். சாஸ்கட்டூன் நகரத்தில் கம்ப்யூட்டர் படிக்கப் போய், பாதியில் நின்றுவிட்டேன். சோகக் கதை எதுவும் கிடையாது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் பழைய கம்ப்யூட்டர்களைச் சாகாமல் வைத்திருப்பது. ஊரில் அப்படி ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் முக்கியமானதாக இருந்தது. அது பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி ஆடும் ரிங்க்கின் மெஷின் அறையில் இருந்தது.

ரிங்க்கில் ஐஸ் தரையை உறைய வைப்பது அம்மோனியா என்பது உங்களுக்குத் தெரியும். அது குழாய்க்குள் இருக்கும்வரை நல்லது. வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும், ஆளைக் கொல்லும். காற்றில் அது கலக்கிறதா என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் வேலை. கலந்தால் வெளியே சைரன் அடிக்கும், ரிங்க்கைப் பார்த்துக்கொள்ளும் லோர்னின் போனுக்கும் தீயணைப்புத் தொண்டர்களுக்கும் அழைப்பு போகும். இரண்டும் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் வயர் செருகும் ஒரே போர்ட் வழியாக.

அதில் ஓடிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை, அதைச் செய்த கம்பெனி எப்போதோ கைவிட்டுவிட்டது. இனிமேல் அப்டேட் வராது, புதிதை வாங்குங்கள் என்று அறிவித்தார்கள். எங்களால் மாற முடியவில்லை. குளிர் மெஷினைக் கவனிக்கும் புரோகிராம் புதிய சிஸ்டத்தில் ஓடாது. அதை எழுதியவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். எல்லாவற்றையும் மாற்றுவதென்றால் கூரை போடுகிற செலவு. இருந்த பணத்துக்கு ரிங்க் கமிட்டி கூரையைத் தேர்ந்தெடுத்தது. அதில் தப்பு சொல்ல மாட்டேன், கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

அப்டேட் இல்லாத சிஸ்டத்தை இணையத்தில் விட்டு வைப்பது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. இணைப்பைப் பிடுங்கிவிடலாம் என்றால் லோர்ன் வீட்டிலிருந்தே போனில் ஐஸின் குளிரைப் பார்த்துப் பழகியிருந்தான். அதனால் நான் ஒரு வழி செய்தேன். என்னைப் போன்ற ஆட்கள் உலகம் முழுக்கச் செய்த வழிதான் அது. அதே சிஸ்டம் கடைகளில் பில் போடும் மெஷின்களிலும் இருந்தது. அந்த மெஷின்களுக்கு மட்டும் கம்பெனி தொடர்ந்து அப்டேட் கொடுத்தது. உள்ளே ஒரே ஒரு வரியை மாற்றி எழுதினால் போதும். எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியிடம் போய், நான் ஒரு பில் மெஷின் என்று சொல்லும். கம்பெனி நம்பி அப்டேட்டைக் கொடுக்கும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. வருகிற அப்டேட்டில் சில நிஜமாகவே பில் மெஷினுக்கானவை. அவற்றைப் போட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வீட்டில் அதே மாதிரி ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து வைத்திருந்தேன். அதே சிஸ்டம், அதே புரோகிராம், சைரனுக்குப் பதிலாக ஒரு வாசல் மணி. அப்டேட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் அதில் போட்டுப் பார்ப்பேன். மணி அடித்தால் நல்லது. ஆகாததை ஒதுக்கிவிட்டு, மதியம் மூன்று மணி வாக்கில் ரிங்க்குக்குப் போவேன்.

லோர்ன் காபியோடு காத்திருப்பான். எனக்குப் பால் இரண்டு, சர்க்கரை இரண்டு. மெஷின் அறையை ஒட்டி அவனுக்கு ஒரு சின்ன அறை இருந்தது, மெஷின் அறை வழியாகத்தான் போக வேண்டும், இரண்டு நாற்காலிதான் கொள்ளும். திரையில் பச்சைக் கோடு நகர்ந்து முடியும்வரை உட்கார்ந்திருப்போம்.

"என்னடா இது, எருமை மாதிரி நகருது?" என்பான்.

"அவசரம்னா நீ போய் ஐஸைத் தேய். நான் பாத்துக்கறேன்."

"இது உன்ன மாதிரியே இருக்கு மெர்வ். பழசு, மெதுவு, செஞ்சவனே கைவிட்டுட்டான். ஆனா நிறுத்தினா ஊரு நின்னுடும்."

லோர்ன் அப்படித்தான் பேசுவான். அவன் மனைவி கல்கரிக்குப் போய் இன்னொருவனோடு குடியேறிய பிறகு, அவன் அதிகம் பேசியது என்னோடுதான். அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் முக்கியமாக எதுவும் பேசியதில்லை. ஹாக்கி, அவன் முட்டி வலி, யார் வீட்டில் எந்த வண்டி கிளம்பவில்லை. பல வருடம் அப்படிப் போனது.

பிறகு நாடீன் வந்தாள். பிரின்ஸ் ஆல்பர்ட் நகரத்திலிருந்து வந்து இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை மதியம் பிள்ளைகளை ரிங்க்குக்குக் கொண்டுவந்து விட்டு, பயிற்சி முடியும்வரை காத்திருப்பாள். முதலில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பார்வையாளர் பெஞ்சில். பிறகு லோர்னின் அறையில். நான் போகும்போது என் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொள்வாள். நல்ல மரியாதை தெரிந்த பெண். அவளைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அதுதான் கஷ்டம்.

சென்ற அக்டோபரில் பங்கில் ஒருவன் வராததால் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தேன். வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கண் விழித்தபோது இருட்டிவிட்டது. லோர்னைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா எழுப்பல?"

"பாவம், தூங்கட்டும்னுதான் விட்டேன். நாடீன் சும்மாதான் உக்காந்திருந்தா. நீ செய்யறத எத்தன தடவ பாத்திருக்கா, அவளே போட்டுட்டா."

"அவளா?"

"பத்தே நிமிஷம்டா! இத்தன வருஷமா நீ அரை மணி நேரம் என்னதான் பண்ணிட்டிருந்தே?" என்று சிரித்தான்.

அது பத்து நிமிட வேலைதான். அப்டேட் போடுவதற்கு முன் வட்டு முழுவதையும் ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லி நான் தனியாக ஒரு கட்டளை கொடுப்பேன். அது தேவையில்லாதது. பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது அதனால்தான். நாடீனுக்கு அது தெரியாது, அதனால் அவள் அதைக் கொடுக்கவில்லை. லோர்னிடம் இதைச் சொல்ல முடியாது, இல்லையா.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை அவளுடையதாகிவிட்டது. நீ ராத்திரி முழுக்க முழிக்கிறவன், பகலில் தூங்கு, நாடீன் பார்த்துக்கொள்வாள் என்றான் லோர்ன். எனக்கு நல்லது செய்வதாக அவன் நினைத்தான். முதல் தடவை ஒதுக்க வேண்டியது எதுவும் வரவில்லை, அதிர்ஷ்டம். அவள் கவனமானவள், அதனால் அடுத்து ஒவ்வொரு தடவையும் போடுவதற்கு முன் எனக்கு போன் செய்து எதை ஒதுக்க வேண்டும் என்று கேட்பாள். நான் வீட்டில் வழக்கம்போலச் சோதித்து வைத்திருப்பேன். அவள் கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னேன். நவம்பரில் சொன்னேன், டிசம்பரில் சொன்னேன், ஜனவரியிலும் சொன்னேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், என் பக்கம் சொல்ல அதிகம் இல்லை.

அவள் போனை வைத்ததும் நான் காரை எடுத்துக்கொண்டு ரிங்க்குக்குப் போவேன். உள்ளே போக மாட்டேன். நிறுத்துமிடத்தில் காரை பிளக்கில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். லோர்னின் அறையின் கம்பி போட்ட சின்ன ஜன்னல் அந்தப் பக்கம்தான். மஞ்சள் விளக்கு எரியும். சில நேரம் அவர்கள் சிரிப்பது வெளியே கேட்கும். கேட்டிருக்காது என்று நீங்கள் சொல்லலாம். சுவர் தடிமன்தான். எனக்குக் கேட்டது.

பிப்ரவரி முதல் வாரம் ரிங்க் தொண்டர்களுக்கான விருந்து நடந்தது. ஐஸில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் கூடத்தில் நீள மேஜை போட்டு, முட்டைக்கோஸ் சுருள், பெரோகி, சாஸேஜ். வருடா வருடம் ரிங்க்குக்கு உழைத்த ஒருவருக்கு ஜாக்கெட் கொடுப்பார்கள். நீல நிறம், முதுகில் ரிங்க் பெயர், கையில் அவரவர் பெயர். சாஸ்கட்டூனில் கொடுத்துத் தைத்து வாங்குவார்கள். கடைக்காரன், ஐஸ் தேய்ப்பவன், கடலை விற்ற கிழவி, எல்லோரும் வாங்கியாகிவிட்டது. நான் வாங்கியதில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை. கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாத வேலை.

அந்த வருடம் கமிட்டித் தலைவர் கோர்ட் எழுந்து, நம் பழைய கம்ப்யூட்டரை உயிரோடு வைத்திருப்பவருக்கு என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். நாடீனைக் கூப்பிட்டார்.

"என்ன மெர்வ், பஸ் டிரைவர் வந்து உன் வேலயத் தூக்கிட்டுப் போயிட்டாளேப்பா!" என்று கோர்ட் மைக்கிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எல்லாம் மெர்வ் சொல்லித் தந்ததுதான். அவர் சொல்றத நான் போடறேன், வேற ஒண்ணுமில்ல," என்றாள் நாடீன்.

அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எல்லோரும் இன்னொரு தடவை எனக்குக் கை தட்டினார்கள், குழந்தைக்குத் தட்டுவது மாதிரி. லோர்ன் ஜாக்கெட்டைப் பிரித்து அவளுக்குப் போட்டுவிட்டான். பின்பக்கம் காலர் மடங்கியிருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்துவிட்டான். எப்போது, எந்த நேரத்தில் முடிவு செய்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். முடிவு என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு நேரம் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்தக் காலரைச் சொல்வேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்த அப்டேட்டில் ஒன்று கல்லாப்பெட்டிக்கானது. பில் மெஷின்களில் கல்லாப்பெட்டி எந்தப் போர்ட்டில் மாட்டப்படுமோ அதை இனிமேல் கல்லாவுக்கு மட்டும் என்று பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் சைரன் இருப்பது அதே போர்ட்டில். வீட்டில் போட்டுப் பார்த்தேன். திரையில் எல்லாம் பச்சையாக, ஒழுங்காக இருந்தது. புரோகிராமில் போய் அபாயம் என்று பொய்யாகத் தூண்டினேன். திரை சிவந்தது. வாசல் மணி அடிக்கவில்லை. அங்கே இல்லாத ஒரு கல்லாவைக் கம்ப்யூட்டர் தேடிக்கொண்டிருந்தது. வருடக் கணக்கில் நீ ஒரு பில் மெஷின் என்று அதற்குச் சொல்லி வந்தோம், அன்றைக்கு அது நம்பிவிட்டது.

மூன்று மணிக்கு நாடீன் கூப்பிட்டாள்.

"மெர்வ், எழுப்பிட்டேனா?"

"இல்ல, சொல்லுங்க."

"இந்த மாசம் அஞ்சு வந்திருக்கு. எத விடணும்?"

"எதயும் விட வேணாம். அஞ்சயும் போடுங்க."

"அஞ்சயுமா? எப்பவும் ஒண்ணாவது வேணாம்பீங்களே."

"இந்த மாசம் எல்லாமே நல்லதுதான்."

பின்னால் லோர்னின் குரல் கேட்டது. "என்ன சொல்றான் கிழவன்?" அவள், "எல்லாத்தயும் போடச் சொல்றார்," என்றாள். "அப்ப சீக்கிரம் போடு, சாஸேஜ் ஆறுது," என்றான் அவன்.

என் கணக்கு இதுதான். சைரனை லோர்ன் வருடத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் புதிதாக ஐஸ் போடும்போது சோதிப்பான். அப்போது அடிக்காது. எல்லோரும் நாடீனைப் பார்ப்பார்கள். லோர்ன் என்னைக் கூப்பிடுவான். நான் போய்ச் சரிசெய்வேன். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. எட்டு மாதம் ஒரு ஊர் சைரன் இல்லாமல் இருப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று யோசித்தேன். குழாய்கள் அதுவரை ஒழுகியதில்லை.

மார்ச் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நாடீன் முன்கூட்டியே போன் செய்துவிட்டாள். பஸ் தாமதமாகும், வந்ததும் போடுகிறேன், எதை விடுவது என்றாள். சொன்னேன். பிறகு எப்போதும் போலப் போய் உட்கார்ந்தேன். லோர்னின் வண்டி வந்து நின்றது. அவன் பக்கக் கதவு வழியாக உள்ளே போவதைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

ரேடியோவில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாடை காருக்குள்ளேயே வந்தது. அம்மோனியா வாடையை ஒரு தடவை முகர்ந்தவன் மறக்க மாட்டான். மெஷின் அறையின் காற்றுப்போக்கி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நான் சைரனைப் பார்த்தேன். அது சுவரில் சும்மா இருந்தது. ஏன் சும்மா இருக்கிறது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

போன் என் கையில் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்திருந்தேன், கை வலித்தது ஞாபகம் இருக்கிறது. லோர்ன் இருமிக்கொண்டு வெளியே வருவான், சைரன் ஏன் அடிக்கவில்லை என்று என்னைத்தான் கேட்பான் என்று இருந்தேன். வேறு யாரைக் கேட்பான்? வானிலை முடிந்து ஒரு பாட்டுப் போட்டார்கள். அதன் பிறகு இன்னொன்று. கதவு திறக்கவில்லை. ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பஸ் வந்தது. நான் இறங்கி நடுவில் நின்று கையை ஆட்டினேன். நாடீன் ஜன்னலைத் தள்ளினாள்.

"என்ன மெர்வ், நடு ரோட்டுல?"

"உள்ள அம்மோனியா. பிள்ளைங்கள இறக்காதீங்க. வண்டியத் திருப்புங்க."

பின்னால் ஒரு பையன், "சீ, எவன்டா விட்டது?" என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சைரன் அடிக்கலயே," என்றாள் அவள். முகம் மாறிவிட்டது. "லோர்ன் எங்க?"

"கோர்ட் வந்து கூட்டிட்டுப் போனார்."

"வண்டி நிக்குதே?"

"கோர்ட் வண்டியில போனாங்க."

"நிஜமா? விளக்கு எரியுது. பக்கக் கதவு கிட்டயே மாஸ்க் தொங்கும், போடறது எப்படின்னு காட்டியிருக்கான். நீங்க பிள்ளைங்களப் பாத்துக்குங்க, ஒரே எட்டு, பாத்துட்டு வந்துடறேன்." ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். அந்த நீல ஜாக்கெட்தான் போட்டிருந்தாள்.

"அவன் இல்லைங்கறேன்ல. நான் என் கண்ணால பாத்தேன். பிள்ளைங்களக் கொண்டு போங்க."

அவள் என்னை நம்பினாள். எப்போதும் நம்பினாள். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். நான் அவசர எண்ணுக்கு அழைத்தேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். நாடீனிடம் ஒன்று சொல்லிவிட்டு இவர்களிடம் வேறு சொல்ல முடியாதே. தொண்டர்கள் வந்தார்கள். உள்ளே ஆள் இல்லை என்பதால் அவர்கள் அவசரப்படவில்லை. பக்கத்து ஊரிலிருந்து முழுப் பாதுகாப்பு உடுப்புப் போட்ட ஆட்கள் வரும்வரை காத்திருந்தார்கள். அது சரியான முறைதான். நானும் அவர்களோடு நின்றேன். யாரோ காபி கொடுத்தார்கள்.

நாங்கள் வெளியே காத்திருந்ததில் பெரும்பாலான நேரம் லோர்ன் உயிரோடு இருந்திருக்கிறான் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். அறைக் கதவின் இடுக்கில் ஜாக்கெட்டைச் செருகியிருந்தானாம். புத்திசாலி.

ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை நான்தான் நிறுத்தினேன் என்பதை யாரும் எங்கேயும் எழுதவில்லை. நாடீனையும் நான்தான் நிறுத்தினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, உங்களுக்கு வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே போயிருந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். பலசாலி, எனக்குத் தெரியும். லோர்ன் சாவது எனக்கு வேண்டாம். ஆனால் அவள் காப்பாற்றி அவன் பிழைப்பதா, அவன் சாவதா என்று கேட்டால், அந்தப் படியில் அவள் கால் வைத்த நேரத்தில் எனக்கு அது கஷ்டமான கேள்வியாக இருக்கவில்லை. நானே போயிருக்கலாமே என்கிறீர்கள். போயிருப்பேன். அவன் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

நேற்று அவன் போனைக் காட்டினீர்கள். கடைசி அழைப்பு நாடீனுக்கு. அவள் பஸ் ஓட்டும்போது போனை அணைத்துவிடுவாள், அதனால் எடுக்கவில்லை. அதைக் காட்டினால் நான் உடைந்துபோய்ப் பேசிவிடுவேன் என்று எதிர்பார்த்தீர்கள். பேசிவிட்டேன், ஆனால் உடைந்துபோய் அல்ல. ஒரு தவறைத் திருத்துவதற்காகப் பேசுகிறேன். அந்தப் போனில் பெயர்களின் வரிசையைத் திறந்து பாருங்கள் மேடம். என் பெயருக்கு நேர் கீழே இருப்பது அவள் பெயர். அம்மோனியா கண்ணில் பட்டால் எதுவும் தெரியாது, விரல் ஒரு வரி தள்ளிப் பட்டிருக்கும். அவன் கூப்பிட்டது என்னைத்தான்.